பதினோராவது சர்வீஸ்

கடவுச்சொல்லை மாற்றிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டாம் அறையின் வெப்பநிலை திரையில் அசையாமல் நின்றுவிட்டது. மைனஸ் பதினெட்டு புள்ளி நான்கு. ஓடிக்கொண்டிருக்கிற குளிர் அறையின் எண் அப்படி நிற்காது. புள்ளி மூன்று என்று காட்டும், புள்ளி ஆறு என்று காட்டும், தூங்குகிறவன் மார்பு போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

விடுமுறை நாள், பகல் ஒரு மணி. குளிர்பதனக் கிடங்கின் மாடியில் அந்தச் சின்ன அறையில் அவன் மட்டும்தான் இருந்தான். ஜன்னல் கிடையாது. கீழே கிடங்கைப் பார்க்க ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும் உண்டு. அதற்கு அப்பால் பாதி விளக்குகள் அணைந்த நீளமான கூடம். வரிசையாகக் கனத்த வெள்ளைக் கதவுகள், ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த தூக்கு வண்டிகள், ஈரமான அட்டைப்பெட்டியும் இயந்திர எண்ணெயும் அம்மோனியாவும் கலந்த, மூக்கின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும் அந்த வாடை. தரைக்கு அடியில் கம்ப்ரஸர்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு அவன் காதுக்கு அதுதான் அமைதி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான் இது. சர்வரில் ஒரு கணக்கு இருந்தது. ஆளுக்கான கணக்கு அல்ல, இயந்திரங்களுக்கானது. வெப்பநிலையைப் பார்ப்பது, கதவுகளைக் கவனிப்பது, கம்ப்ரஸரை ஓட்டுவது என்று பின்னணியில் ஓடும் பதினோரு சர்வீஸ் நிரல்கள் அந்த ஒரே பெயரில் உள்ளே நுழைந்து வேலை செய்தன. அதன் கடவுச்சொல்லை மாற்றினால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் போய்ப் புதியதைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டுக் குடியிருப்பவர்களுக்கெல்லாம் புதுச்சாவி கொடுக்கிற மாதிரி. ஒருவருக்குக் கொடுக்க மறந்தால் அவர் வெளியே நிற்பார்.

இன்று அவன் பத்துக்குக் கொடுத்துவிட்டான். பதினோராவது இப்போது ஓடவில்லை. அதை அவனே நிறுத்தி வைத்திருந்தான்.

பதிவுகளைத் திறந்து பார்த்தான். காரணம் சாதாரணமாகத்தான் இருந்தது. யாரோ பழைய கடவுச்சொல்லை மூன்று முறை போட்டிருக்கிறார்கள், கணக்கு பூட்டிக்கொண்டது. மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் விதியைத் தலைமை அலுவலகம் சொன்னதால் இன்று கடவுச்சொல்லை மாற்றும்போதுதான் திரும்பப் போட்டிருந்தான். பூட்டைத் திறந்தான். சர்வீஸ்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினான். இரண்டாம் அறையின் எண் புள்ளி ஐந்துக்குப் போனது, புள்ளி மூன்றுக்கு வந்தது. அவன் மூச்சு விட்டான்.

இரண்டு நிமிடம். மறுபடி நின்றது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கண்காணிக்கிற சர்வீஸ் அரை மணி நேரம் ஓடாவிட்டால் கம்ப்ரஸரும் தானாக நின்றுவிடும். இரண்டாம் அறையில் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து அடுக்கடுக்காக இருந்தது. இன்னும் கீழே, பதிவின் கடைசி வரிவரை போனான். எந்த இயந்திரத்திலிருந்து அந்தத் தவறான முயற்சி வருகிறது என்று அங்கே இருக்கும்.

அறை-நான்கு-அலாரம்.

அவன் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினான்.

நான்காம் அறை மூன்று மாதமாக மூடிக் கிடந்தது. மூடி என்றால் கதவை மூடவில்லை. கதவை அகலத் திறந்து ஆப்பு வைத்து, குளிரை நிறுத்தி, காலிக் கூடைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கென்று கதவருகில் ஒரு பொத்தான், அதை மாடிக்குச் சொல்வதற்கு வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியின் பிளக்கை அவன்தான் பிடுங்கிப் போட்டான், தன் கையால்.

காவலாளிக்கு போன் செய்தான்.

"அண்ணே, நாலாம் ரூம் வெளியில ஒரு பெட்டி இருக்கும்ல? அதுல லைட் எரியுதான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?"

"அந்த ரூமா?" காவலாளி இழுத்தார். "சரி தம்பி, பாக்குறேன்."

கண்ணாடி வழியே அவர் கூடத்தில் நடந்து போவது தெரிந்தது. நான்காம் கதவுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டு கழுத்தை மட்டும் நீட்டினார்.

"எரியுது தம்பி. பச்சை லைட்."

"பிளக் மாட்டியிருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்லியே. வயர் கீழ கெடக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ள பாட்டரி எதாவது இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும்," என்றான்.

பாட்டரி இருந்தது. நான்கு மணி நேரம் தாங்கும்.

"நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன் தம்பி. கேட்டை வெளியில பூட்டிட்டுப் போறேன், ஒரு மணி நேரம். நீங்க இருப்பீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளிச்சம் இருந்த பக்கமாக விறுவிறுவென்று போனார். இந்தக் கிடங்கில் அவனுடைய அண்ணனோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர் அவர். அன்று நான்காம் அறைக்குள் போய் அண்ணனைத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர்.

அண்ணன் இந்தக் கிடங்கின் மெக்கானிக். குளிர் எந்த மூலையில் கசிகிறது என்று கன்னத்தை வைத்தே சொல்லிவிடுவான். தம்பி கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவனுக்குப் 'பொட்டி' என்று பெயர் வைத்து, கிடங்கு முழுக்க அப்படியே கூப்பிட வைத்ததும் அவன்தான். "ஏ பொட்டி, உம் பொட்டியெல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான்டா என் பொழப்பு ஓடும்" என்று மாடிக்கு வந்து பிடரியில் ஒரு தட்டு தட்டுவான்.

மூன்று மாதத்துக்கு முன், அன்றும் விடுமுறை நாள்தான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "நாலாம் ரூம்ல ஐஸ் ஏறுது, போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். அலாரமெல்லாம் ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணா," என்றான், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். வீட்டில் உட்கார்ந்தே கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தான். பத்து சர்வீஸுக்குச் சொல்லி முடித்தபோது அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். பதினோராவது அலாரம். சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தான். தட்டில் கை வைக்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது, கணக்கு பூட்டிக்கொண்டது என்று. சனியன், சோறு திங்க விடாது என்று முணுமுணுத்து, பூட்டிக்கொள்ளும் விதியையே இடது கையால் அணைத்துவிட்டுச் சாப்பிட்டான். தூங்கிவிட்டான்.

உள்பக்கக் கைப்பிடி ஐஸில் இறுகியிருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்கள். பெட்டி பழசு, அதற்கு முன்பே பழுதாகியிருந்தது என்று அவன் சொன்னான். கூடத்தில் எல்லோரும் அண்ணனைச் சுற்றி அழுதுகொண்டிருந்தபோது அவன் சுவரோரம் போய் அந்த பிளக்கைப் பிடுங்கியது யாருக்கும் தெரியாது. துக்கம் தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டான் என்று நினைத்து யாரோ வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன் அடித்தது. உடம்பு தூக்கிப்போட்டது. அண்ணி.

"தம்பி, வேலை முடியலையா? சோறு ஆறுது."

"கொஞ்சம் இருக்கு அண்ணி. நீங்க சாப்பிடுங்க."

"பாப்பா ஸ்கூல்ல ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. அப்பா கையெழுத்துன்னு ஒரு எடம் இருக்கு. நீங்க போடுறீங்களா?"

"போடுறேன்."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் குழந்தை எதையோ தரையில் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். டாக்டர் சொன்னது நெசந்தானே? அரை மணி நேரத்துல மயக்கம் வந்துடும், ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாரே?"

"நெசந்தான் அண்ணி."

"அதை நெனச்சுக்கிட்டுதான் கொஞ்சம் தூங்குறேன்," என்றாள். "சரி, வாங்க."

போனை மேசைமேல் வைத்தான். பூட்டைத் திறந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டே நிமிடத்தில் மூன்று முயற்சி. பூட்டிக்கொண்டது. திறந்தான். மறுபடியும். ஒவ்வொரு வரியின் நேரத்தையும் விரலை வைத்துப் படித்தான். ஒன்று முப்பத்தெட்டு, பத்தாவது விநாடி. பதின்மூன்றாவது விநாடி. பதினேழாவது விநாடி. சர்வீஸ் தானாக முயன்றால் இடைவெளி பிசகாது. இது ஒருமுறை மூன்று விநாடி, ஒருமுறை நான்கு.

அந்தப் பெட்டி எப்போது உள்ளே நுழைய முயலும் என்று அவனுக்குத் தெரியும். அமைத்தவனே அவன்தான். பொத்தானை யாராவது அழுத்தினால் மட்டும்.

எழுந்து கண்ணாடிக்கு வந்து பார்த்தான். நான்காம் அறையின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டு. இருட்டில் கூடைகள்.

இருபது நிமிடம் ஓடிவிட்டது. பத்து நிமிடத்தில் கம்ப்ரஸர் நிற்கும். கீழே போய் அந்தப் பெட்டியின் கம்பியை வெட்டலாம். கால் எழும்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருப்பதைக் கொடுத்துவிடுவது. நிறுத்தி வைத்திருந்த பதினோராவது சர்வீஸைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முன் போட்டிருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொல்லைப் போட்டான். நான்கு விநாடிகூட ஆகவில்லை. 'ஓடுகிறது' என்று வந்தது. இவ்வளவுதான் வேலை. இவ்வளவேதான்.

இரண்டாம் அறையின் எண் அசைந்தது. பூட்டு விழவில்லை. தப்பித்தோம் என்று அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது அலாரத் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

அந்தப் பெட்டி சொல்ல முடியாமல் போனதை அழிக்காது, சேர்த்து வைத்துக்கொள்ளும். வழி கிடைத்ததும் முதலிலிருந்து சொல்லும். நாள், நேரம், 'பொத்தான் அழுத்தப்பட்டது'. அண்ணன் உள்ளே போன அன்றைய தேதி. பதினொன்று நாற்பத்திரண்டு.

பதினொன்று நாற்பத்திரண்டு. பதினொன்று நாற்பத்திரண்டு. பதினொன்று நாற்பத்து மூன்று.

வரிகள் நிற்காமல் வந்தன. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது, மூட முடியவில்லை. பன்னிரண்டு ஐந்து, ஏழு முறை. அப்போதுதான் போனில் அந்தச் செய்தி தாமதமாக வந்து சேர்ந்தது, அப்போதுதான் அவன் சனியன் என்று சொன்னான். பன்னிரண்டரை. அண்ணி இரண்டாம் முறை சோறு போட்டுவிட்டு, உங்க அண்ணனுக்கு எடுத்து வச்சுட்டேன், நீங்க வயிறார சாப்பிடுங்க என்றாள். ஒரு மணிக்கு இருபத்தொரு முறை. ஒன்றரை. அரை மணி என்று டாக்டர் சொன்னார், அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டு மணி. அவன் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தான். மூன்று மணிக்கு இடைவெளி கூடியது, நிமிடத்துக்கு ஒன்று, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து மணி. இன்னும் காணோமே என்று அண்ணி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அண்ணனுக்கு வேலைன்னா உலகமே மறந்துடும் அண்ணி, வந்துடுவான், என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஐந்து முப்பத்தெட்டு. ஆறு பத்து. ஆறு ஐம்பது.

ஏழு ஐந்து.

வரி நின்றது.

அவன் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். மூன்று மாதமாக வராத அழுகை வந்தது. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. ஏழரை மணி நேரம். அந்தக் குளிரில், அந்த இருட்டில், கீழே விழுந்து, எழுந்து, பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து. பொட்டி பார்த்துவிடுவான் என்று நம்பிக்கொண்டு.

நிமிர்ந்தபோது திரை ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைய தேதி, இரவு ஒன்பது பதினைந்து. பொத்தான் அழுத்தப்பட்டது.

எட்டே முக்காலுக்கு அண்ணனை வெளியே தூக்கிவிட்டார்கள். ஒன்பது பதினைந்துக்கு அவன் கூடத்தில், ஒரு தார்ப்பாய்மேல் கிடந்தான். அவன் தலைமாட்டில் எல்லோரும் இருந்தார்கள். பிளக்கும் அதற்குள் பிடுங்கியாகிவிட்டது.

மறுநாள் காலை. ஆறு மணி, ஆறு இரண்டு, ஆறு நான்கு. மறுநாள் பிற்பகல் மூன்று. அண்ணனை எடுத்துக்கொண்டு போன நேரம். அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அதற்கடுத்த நாள். அடுத்த வாரம். இரண்டாம் மாதம். மும்மூன்றாக, நடுவில் கொஞ்சம் விட்டு, பகல் இரவு இல்லாமல். அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்த நேரங்கள். யாரோ சொன்ன ஜோக்குக்கு முதல்முறையாகச் சிரித்த நாள். நேற்று. இன்று காலை. இன்று பன்னிரண்டு மணி. ஒரு மணி. ஒன்று நாற்பது.

ஒன்று ஐம்பத்தாறு.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று ஐம்பத்தாறு.

தலைக்குமேல் சைரன் அலறியது.

மூன்று முறை. சுவரெல்லாம் அதிர்ந்தது. நின்றது. கம்ப்ரஸர்களின் உறுமல். மறுபடி மூன்று முறை.

எப்படி எழுந்தான், இரும்புப் படிகளில் எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. அன்றைக்கு ஓடியிருக்க வேண்டிய ஓட்டம். கூடத்தின் ஈரத்தரையில் செருப்பு வழுக்கியது. சுவரில் கைகொடுத்துக்கொண்டு ஓடினான். நான்காம் அறையின் வாசலில் வந்து நின்றான்.

பூஞ்சை வாடை. மூன்று மாதம் குளிர் இல்லாத அறையின் புழுக்கம். காலிக் கூடைகள் கூரைவரை. ஆளில்லை. வலப்பக்கம், கதவுக்கு இரண்டடி உள்ளே, தோள் உயரத்தில் சிவப்புப் பொத்தான்.

அது உள்ளே போனது. மாடியில் சைரன். வெளியே வந்தது.

உள்ளே போனது.

"அண்ணா."

வெளியே வந்தது.

அவன் உள்ளே காலை வைத்தான். ஒரே அடிதான். புழுக்கம் அங்கேயே நின்றுவிட்டது. அவன் விட்ட மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகத் தொங்கியது. மூக்குக்குள் முடி விறைத்தது. போதும், இனி அழுத்த வேண்டாம், எனக்குக் கேட்டுவிட்டது என்று சொல்கிறவன் போலக் கையை நீட்டிப் பொத்தானை மூடிக்கொண்டான்.

அவன் கைமேல் ஒரு கை விழுந்தது.

எதுவும் தெரியவில்லை. கனம் மட்டும். குளிர் மட்டும். காய்ப்பு ஏறிய உள்ளங்கை. அது அவன் விரல்களைப் பொத்தானோடு சேர்த்து அழுத்தியது. விட்டது. அழுத்தியது. கோபம் இல்லை அதில். அடையாளம் தெரிந்துகொண்டதும் இல்லை. சுவரில் எதையோ தேடிக் கண்டுபிடித்த கை, அவ்வளவுதான்.

"நான்தாண்ணா. பொட்டி. நான் வந்துட்டேன். கதவு தெறந்துதான் இருக்கு, பாரு. வா, வெளிய போயிடலாம். அண்ணா, தெறந்திருக்குண்ணா!"

கனம் அவன் முதுகில் சாய்ந்தது. நிற்க முடியாத ஒருவன் இன்னொருவன்மேல் சாய்வது போல. காதருகில் பல் கிட்டிக்கொள்ளும் சத்தம். அவன் விரல் நுனிகளிலிருந்து வெள்ளை ஏறியது. நகம், முட்டி, மணிக்கட்டு. கையை இழுக்கவில்லை. இழுக்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஆளில்லாத மாடியில் சைரன் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கதவு அகலத் திறந்திருந்தது. கூடத்து வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்து கிடந்தது. அதைப் பார்க்காத கை அவன் கையை அழுத்தியது.

மூன்று முறை. கொஞ்சம் விட்டு, மூன்று முறை.